டிக்கி மேட்டுக்கு அடியில்

“வண்டி கொள்ளாம் மக்கா, எடுத்துக்க” என்றார் ராஜையன். காரின் பின்பக்கம் அவர் இன்னும் போகவே இல்லை.

ஜெரிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மாமா, அதுக்குள்ளயா? ஒரு பழைய பைக்குன்னாலே அரைநாள் பாப்பிய!”

கருங்கலில் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராஜையன் அவனுக்குத் தாய்மாமன். அவர் தலையாட்டிவிட்டால் அந்த வட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி வாங்குவார்கள். அதற்காகத்தான் அவரைக் கோட்டாறில் இந்த வீடு வரைக்கும் அழைத்து வந்திருந்தான்.

கேட்டுக்குள் நின்றது சிவப்பு நிறச் சின்னக் கார். பின்கண்ணாடிக்கு மேலே இறக்கை, அகலமான டயர், மிதித்தால் சீறும் டர்போ இன்ஜின். விற்கிறவள் ஜெப்சி, நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்து அடுத்த வாரம் விமானம் ஏறப் போகிறாள்.

ராஜையன் பார்த்தவரை ஒழுங்காகத்தான் பார்த்தார். பானட்டைத் தொட்டு, இன்ஜின் ஆறியிருக்கிறது என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். “முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வச்சா, நோய் வெளிய தெரியாது” என்றார். புகை இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பட்டென்று நின்றது. கிளட்ச் தேயவில்லை, அதுவும் நல்லது. முன் டயர்கள் இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன.

“ரெண்டு வருஷமா நான் மட்டும்தான் அங்கிள் ஓட்டுதேன். ஒரு கீறல் கிடையாது” என்று ஜெப்சி காப்பியை நீட்டினாள். ராஜையன் அதை வாங்கிக்கொண்டு காரைவிட்டு விலகி, மதிலோர நிழலில் போய் நின்றார்.

“என்ன மாமா, பிரஷரா?”

“வெயிலு.”

ஜெரிஷ் பின்கதவைத் திறந்து சீட்டை டேப்பால் அளந்தான். “பாப்பாவுக்க சீட்டு இஞ்ச கரெக்டா உக்காரும். பக்கத்துல அம்மைக்காரி பிளஸ்ஸி. வாரா வாரம் திருவனந்தபுரத்துக்கு இனி பஸ்ஸுல கிடந்து சாவாண்டாம். நீங்க சொன்ன பொறவு எனக்கு ஒரு பயமும் இல்ல மாமா.”

ராஜையன் காப்பியைக் குடிக்காமல் மதில்மேல் வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அவர் கையில் வாங்கியபோது அது அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“டிக்கியத் தொற” என்றார்.

“இப்பதானே கொள்ளாம்னு சொன்னிய?”

“தொறலே!”

டிக்கிக்குள் விரித்திருந்த மேட்டைச் சுருட்டி எறிந்தார். ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே வைத்தார். அடித்தகட்டில் கறுப்புத் தார்ப்பூச்சு வழுவழுவென்று இருந்தது. ஜெரிஷ் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ராஜையன் தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து நேராக ஓர் இடத்தில் வைத்துச் சுரண்டினார். பூச்சு உதிர்ந்து, வெல்டிங் தழும்பு தெரிந்தது. சுரண்டச் சுரண்ட அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நீண்டுகொண்டே போயிற்று.

“பின்பாதி வேற வண்டிக்க. வெட்டி ஒட்டினதாக்கும். பின்னால ஒரு லாரி தட்டிச்சுன்னா, பின்சீட்டுல இருக்கியவங்க தப்பமாட்டாங்க. இது வேண்டாம் மக்கா.”

ஜெரிஷ் அந்தத் தழும்பில் விரலை ஓட்டிப் பார்த்தான். பிறகு ஜெப்சியின் பக்கம் திரும்பினான்.

“சிஸ்டர், இதிலயா எனக்க பிள்ளைய ஏத்தப் பாத்திய?”

“சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணா! நான் ஒரு புரோக்கர்ட்ட இப்படியே வாங்கினது…”

“தெரியாதாம்! பிளேன் ஏறிட்டா யாரு வந்து கேப்பான்னு நினைச்சாச்சு, இல்லியா?” போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான். முதலில் நம்பர் பிளேட், பிறகு வெல்டிங். “ஊர் குரூப்பு, சபை குரூப்பு, எல்லாத்துலயும் போடுதேன். அயர்லாந்து வரைக்கும் போவட்டும்!”

உள்ளேயிருந்து ஜெப்சியின் அம்மா ஓடி வந்தாள். “எனக்க மொவ கள்ளம் தெரியாதவளாக்கும் தம்பி! அவளுக்க வேலையக் கெடுத்துராதிய!” பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெப்சி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நல்ல காலம், நீங்க கூட வந்திய மாமா. உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது” என்றபடி ஜெரிஷ் போனை அவள் பக்கம் திருப்பினான்.

ராஜையன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். பிள்ளை தப்பிவிட்டது. பேரும் தப்பிவிட்டது. கேட்டை நோக்கி நாலு எட்டு வைத்தார். பின்னால் அந்தப் பெண் விம்முவது கேட்டது.

நின்றார். திரும்பி வந்து ஜெப்சிக்கும் போனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“மாறுங்க மாமா, அவ மொகம் தெரியல.”

“அவள எடுக்காண்டாம், என்னைய எடு மக்கா. அதை வெட்டி ஒட்டினது நான்தான்.”