பழைய வால்வே போதும்

டாக்டர் தயாளன் பழையதும் புதியதுமாக இரண்டு வால்வுகளை மேசைமேல் வைத்ததும் என் கணவர் பிச்சைமுத்து சிரித்துவிட்டார்.

மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர். இதயத்து வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் அவர் நுரையீரல் தாங்காது. தொடை வழியாகக் குழாய் விட்டுத்தான் வேறு வால்வு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. இதையெல்லாம் போன வாரமே கேட்டு அழுது முடித்துவிட்டேன்.

செபராங் ஜெயாவில் இருக்கும் அவர் நண்பருக்கு வைத்தது பழைய மாடல். புதியதில் என்ன வித்தியாசம் என்று இவர்தான் கேட்டார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புதியதன் வெளிப்புறம் துணி சுற்றித் தைத்திருக்கும். ஓரத்தில் இரத்தம் கசியாது. பழையதில் கசிவு கொஞ்சம் கூடுதல். ஆனால் அதை வைத்துக்கொண்டவர்களைப் பத்து வருடம் பார்த்தாகிவிட்டது.

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. பத்து காவான் என்ற ஊரில், அந்தப் புதிய மாடலைத் தைக்கிற தொழிற்சாலையில்தான் என் வேலை. பெண்கள் கையால் தைப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் கடைசியாகப் பார்ப்பது நான். நான் சரி என்றால் பெட்டிக்குள் போகும்.

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"டாக்டர், இது என் வைஃப் பார்த்து விட்ட சாமான் லா! இதையே போடுங்க."

"பழசே போதும் டாக்டர்," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கோயில், கல்யாண வீடு, காப்பிக் கடை என்று போகிற இடமெல்லாம் என் வேலையைச் சொல்லிப் பீற்றிக்கொள்பவர். கோபித்துக்கொள்ளட்டும். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

"பழசு இப்ப வர்றதே இல்லம்மா. இது சும்மா காட்டறதுக்கு வச்சிருக்கேன். வேற கம்பெனி வால்வு இவர் அளவுக்குச் சரிவராது," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சம்மதப் பத்திரத்தைத் தள்ளினார்.

என் கணவர் கையெழுத்துப் போட்டார். அடுத்தது மனைவி.

பேனாவைப் பிடித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய கோடு தெரியவில்லை. தாளின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் வந்து நிற்கிறது.

சர்க்கரை என் இரண்டு கண்களையும் தின்ன ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. கம்பெனியின் கண் பரிசோதனையில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தனலெட்சுமி வாசித்த எழுத்துகளை அப்படியே ஒப்பித்துத் தப்பித்தேன். சொன்னால் வேலை போகும். அவருடைய மருந்து மாத்திரை எல்லாம் என் கம்பெனிக் கார்டில்தான் ஓடுகிறது.

எட்டு மாதமாக நான் எந்தத் தையலையும் பார்க்கவில்லை. தைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு, அவள் கையை நம்பிச் சரி என்கிறேன். எத்தனை பேர் நெஞ்சுக்குள் போயிருக்கும் என்று எண்ணவே பயமாக இருக்கிறது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் மட்டும் இவருக்கு வைக்க வேறு வால்வு எங்கே இருக்கிறது?

அவர் என் விரலைப் பிடித்துத் தாளின்மேல் வைத்தார்.

"அழுவாத ஈஸ்வரி. கண்ணீர் மறைக்குது பாரு. கோடு இங்க இருக்கு."

கண்ணீர் என்றே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.