காதுக்குள் இருந்த அண்ணாச்சி

நாயின் காது கேட்பதற்காக உண்டானது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. அது உண்ணிகள் குடியிருப்பதற்காக உண்டானது.

செவலை நாயொன்றின் காதுக்குள், ஆமணக்கு விதைபோல உப்பிய ஓர் உண்ணி இருந்தது. ஒருநாள் அது முதுகில் வாழ்ந்த தெள்ளுப்பூச்சிகளைக் கூப்பிட்டு, "ஜனத்தொகை மிஞ்சிப்போச்சு. நாய் தாங்காது. எல்லாரும் காலி பண்ணுங்க" என்றது.

சொக்கன் என்ற தெள்ளுப்பூச்சி பிறந்ததே அந்த முதுகில்தான். வேறு போக்கிடம் தெரியாது. ஆனாலும் 'மிஞ்சிப்போச்சு' என்ற சொல் அதற்குப் பிடித்துப்போனது.

"மிஞ்சுறதுன்னா எப்படி அண்ணாச்சி? தலையை எண்ணணுமா, வயித்தை அளக்கணுமா?"

"தலையைத்தான்டா."

"எங்க எல்லார் வயிறும் உங்க ஒரு வயித்துக்குள்ள அடங்கிடுமே?"

"அடங்கட்டும். நான் ஒரே ஆள். ஒரு ஆள் எப்படிடா அதிகமாவான்?"

சொக்கன் யோசித்தது. கணக்கில் பிழை தெரியவில்லை.

"சரி, எத்தனாவது ஆள்லேர்ந்து அதிகம்?"

"எனக்கு அடுத்த ஆள்லேர்ந்து."

தெள்ளுப்பூச்சிகள் பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டின்மேல் தாவின. சொக்கன் திரும்பிப் பார்த்தது. உடம்பெல்லாம் அரித்ததால் எங்கே சொறிவதென்று தெரியாமல் இதுவரை உருண்டுகொண்டிருந்த நாய், எழுந்து உட்கார்ந்து, பின்னங்காலை நேராகக் காதுக்குக் கொண்டுபோனது.