அமுங்கிய ரொட்டி

பேக்கரியின் பின்கட்டு ஜன்னலில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் மாவுத்தூள் மிதக்கிறது. அடுப்பிலிருந்து தம்பி இழுத்துவைத்த தட்டில் ரொட்டிகள் மெல்லிய சடசடப்போடு ஆறுகின்றன. அவற்றில் இரண்டு மட்டும் நடுவில் அமுங்கிக் கிடக்கின்றன. கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா சட்டென்று எழுந்துகொள்கிறாள். போன மாதமும் இப்படித்தான். அமுங்கியதை யாரும் பார்ப்பதற்குள் குப்பையில் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. "போனாப் போகுது, விடுடா" என்பதை வாயில் தயாராக வைத்துக்கொண்டு அவள் உள்ளே போகிறாள். அவனோ அமுங்கிய ரொட்டியை நிதானமாகத் துண்டு போடுகிறான். துண்டின் நடுவே பெரிய ஓட்டை. அதில் கட்டைவிரலை விட்டுப் பார்க்கிறான், மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறான். "அக்கா, இங்க வாயேன். மாவு பொங்கும்போது அடுப்பை ஒட்டி வச்ச ரெண்டுதான் இப்படி ஆயிருக்கு. சூட்டுல அளவுக்கு மீறிப் பொங்கி, தாங்க முடியாம உக்காந்திருச்சு போல." "அப்போ இனிமே தள்ளி வச்சிரு." "வைக்கிறேன். ஆனா நாளைக்கு ஒண்ணை மட்டும் வேணும்னே அங்கயே வைக்கப்போறேன். எப்ப உக்காருதுன்னு பாக்கணும்." கொண்டுவந்த ஆறுதலை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்தத் துண்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறான். அவள் குனிந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி ஓட்டைக்குள் பார்க்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் கண் அவளையே பார்த்துச் சிமிட்டுகிறது. அந்தக் கண்ணை அவள் நேருக்கு நேராகப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.