கமிஷன் வேண்டாம்

“கமிஷன் வேண்டாம் சார்” என்றார் தரகர்.

கையெழுத்துப் போடக் குனிந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“வேண்டாமா?”

“வேண்டாம் சார். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

சாப்பாட்டு மேசையில் விற்பனை ஒப்பந்தம் விரிந்து கிடந்தது. வாங்குபவர் காலையிலேயே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் மூன்று தடவை படித்தும் ஒரு எழுத்துப் பிழைகூட அகப்படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. தெருவில் யார் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள், யார் வீட்டுக் குப்பை எத்தனை மணிக்கு வெளியே வருகிறது என்பதெல்லாம் தேதிவாரியாக அவருடைய நோட்டில் இருந்தது; மாதம் தவறாமல் மாநகராட்சிக்குப் புகாராகவும் போனது.

வீட்டை விற்றுக் கொடுக்க வந்த முதல் தரகரைப் பஸ்ஸில் பின்தொடர்ந்து போய் வேவு பார்த்தார். இரண்டாமவர் போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாமவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். இப்படியே இரண்டு வருஷம். வெளியூரில் இருக்கும் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டன. “வீடு வித்ததும் அங்கயே வந்துடறோம்மா” என்று போனில் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்துவிட்டது.

நாலாவதாக வந்தவர் இந்தப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் நீட்டிய நிபந்தனைத் தாளைப் பொறுமையாகப் படித்தார். கேட்ட விலையில் ஒரு காசு குறையக்கூடாது. வீட்டைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்கவேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கூட்டி வரக்கூடாது.

அத்தனைக்கும் தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். ஒரே நாளில் பதினோரு தடவை கூப்பிட்டும் எடுத்தார். குளியலறைக் கூரை ஒழுகுவதை வந்தவர்களிடம் தானே காட்டினார். ஆறே வாரத்தில், கேட்ட விலைக்கு ஆளும் பிடித்துவிட்டார்.

இப்போது கமிஷனும் வேண்டாமாம்!

“ஏம்மா, ஆதாயம் இல்லாம யாராவது ஆத்துல இறங்குவாங்களா? வாங்கறவர்கிட்ட ரெண்டு பங்கா கறந்துட்டீங்களா?”

“அவர் பங்கு மட்டும்தான் சார் வாங்கினேன். கேட்டுப் பாருங்க.”

வீட்டுக்காரர் அப்போதே வாங்குபவருக்குப் போன் போட்டுக் கேட்டார். உண்மைதான்.

சந்தேகம் தெருப்பக்கம் தாவியது. வீடு பார்க்க ஆள் வந்த நாளெல்லாம் எதிர்வீட்டுக்காரர் தன் குரைக்கும் நாயை எங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டில் பாட்டு வகுப்புக்கு விடுமுறை. மூலைக் கடைக்காரர் ஓடாத வேனைத் தள்ளிக்கொண்டே போய் அடுத்த தெருவில் நிறுத்தினார். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்தவர்களிடம் பல்லைக் காட்டினார்கள்.

“எல்லாரும் கூட்டு! இந்தப் பக்கம் பெரிய ரோடு வரப்போகுதா? விலை ஏறப்போகுதா? எனக்கு மட்டும் தெரியாம மறைக்கறீங்களா?”

“ரோடெல்லாம் ஒண்ணும் வரல சார்.”

“காபி ஆறுது, நீங்க குடிங்கம்மா” என்றாள் மனைவி, தரகரிடம்.

அந்த உபசாரமும் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. “நீ சும்மா இரு. ஊர்ல இல்லாத அதிசயமா, எனக்கு மட்டும் இவங்க தர்மத்துக்கு வேலை செய்யறாங்க. காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன். வீடும் கிடையாது, விற்பனையும் கிடையாது!”

ஒப்பந்தத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மனைவியின் முகம் வெளுத்துப்போனது. தரகர் அவளைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையசைத்தாள்.

“உங்க பக்கத்துக் கமிஷன் எனக்கு வந்தாச்சு சார்” என்றார் தரகர். “தெருவுல எல்லாரும் சேர்ந்து கொடுத்துட்டாங்க.”

“தெருவுலயா? அவங்க எதுக்குக் கொடுக்கணும்?”

தரகர் ஹெல்மெட்டின் வாரைத் திருகினார். “நீங்க… சீக்கிரமா, நல்லபடியா வேற ஊருக்குக் குடிபோகணும்னு.”

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரர் சிரித்தபடி கையசைத்தார். வீட்டுக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சுருட்டிய காகிதம் கையிலிருந்து நழுவியது.

“பாத்தியா அநியாயத்தை?” என்றார் மனைவியிடம். “நான் இவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? ஒரு வீடு பாக்கியில்லாம கொடுத்திருக்காங்களே!”

மனைவி காகிதத்தை எடுத்து, சுருக்கம் போக மேசைமேல் நீவிவிட்டாள்.

“நம்ம வீட்டுப் பங்கை நான் கொடுத்துட்டேங்க.”