ஏழாம் நம்பர் கட்டை

"என் சூத்திரத்தைக் கேட்காமல் உலகில் எந்தக் கான்கிரீட்டும் சுருங்காது" என்று அறிவித்தார் பொறியாளர்.

ஆய்வுக்கூடத்தில் எடை குறைந்த கான்கிரீட்டில் வார்த்த பத்துக் கட்டைகள் இருந்தன. அவை எவ்வளவு சுருங்குகின்றன என்று தினமும் அளந்து பதிவேட்டில் எழுதுவது, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் உதவியாளரின் வேலை.

"கணக்குப் போட்டா வர்ற நம்பரை எதுக்குக்கா குனிஞ்சு குனிஞ்சு அளக்கறீங்க? கட்டைங்களுக்கு ஜாதகமே எழுதிட்டேன். நாளையிலேர்ந்து வராதீங்க."

"இந்த வேலையை நம்பித்தான் சார் வீடு ஓடுது."

"பதிவேட்டை நானே பாத்துக்கறேன்."

"சரி சார். ஆனா அந்த ஏழாம் நம்பர் கட்டை..."

"அதையும் சூத்திரம் பாத்துக்கும். கிளம்புங்க."

ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்த அதிகாரி அம்மா, பதிவேட்டைப் புரட்டி அசந்துபோனார்.

"பிரமாதம் சார்! கணிப்பும் அளவும் மயிரிழை பிசகலை. அதுலயும் இந்த ஏழாம் நம்பர், நேத்து வரைக்கும் அச்சு அசல்! எங்க, அதைக் காட்டுங்க."

அலமாரியில் ஏழாம் நம்பர் இரண்டு துண்டாகக் கிடந்தது. மேலே, ஆறு மாதத் தூசியோடு அக்கா எழுதிவைத்த சீட்டு: "உடைந்துவிட்டது. இனி அளக்க முடியாது."

அக்காவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய ஸ்டூலில் பொறியாளர்தான் உட்கார்ந்திருக்கிறார். சூத்திரத்தைக் கேட்காமல், மிச்சமுள்ள ஒன்பது கட்டைகளையும் குனிந்து குனிந்து அளந்துகொண்டிருக்கிறார்.