வாயுள்ள கையுறை

மூன்றாம் ஆண்டு நர்சிங் பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த கையுறைக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஊசி அதன்மேல் குத்தினால் வார்டே திரும்பும்படி, "குத்திவிட்டது!" என்று கத்தும். அடுத்த நொடி வீட்டுக்குப் போன் போட்டுவிடும். அதனால் நாங்கள் ஊசி போடும்போது மட்டும் அதைக் கழற்றிப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

அன்று என்னோடு படிக்கும் ஜெனிஷா, நோயாளிக்குப் போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டப் போய், வெறும் விரலில் குத்திக்கொண்டாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. ஊசி வழியாக நோய் தொற்றாமலிருக்க உடனே போட வேண்டிய தடுப்பு மாத்திரை இருக்கும் அலமாரியோ, கையுறை கத்தினால்தான் திறக்கும்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பு அவ்ளோதான்டி. அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்" என்று அழுதாள்.

"மூடிய மாட்டாதேன்னு தினமும் கத்துறாங்களே, லூசு! போய் விரலக் கழுவு."

என் கையுறையை மேசையில் விரித்து, புது ஊசியால் ஒரு குத்து விட்டேன். அது அலறியது. அலமாரி திறந்தது. ஜெனிஷா கையில் மாத்திரையைத் திணித்தேன்; அவள் அதை விழுங்கும்போதே அம்மா லைனில் வந்துவிட்டார். கையுறையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"பவளம், ஊசி குத்திடுச்சாமே! மாத்திரை முழுங்கினியா?"

"முழுங்கிட்டாம்மா."

"முழுங்கிட்டாளா? யாருடி?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"சரி, மிச்ச மாத்திரையையும் அவள விடாம போடச் சொல்லு. யார் கேட்டாலும், குத்துனது எம்பொண்ணத்தான்னு நான் சொல்லிக்கறேன்."