வாசல்நிலைக்கு ஒரு வணக்கம்

கூடைப்பந்து வீரர் ஜெயசீலன் ஆறடி ஏழு அங்குல உயரம். தன் வீட்டு வாசலைக்கூடக் குனிந்துதான் கடப்பார்.

"ஊரே அண்ணாந்து பார்க்கிற மனிதர், எனக்கு மட்டும் தலைவணங்குகிறார்" என்று வாசல்நிலை தாழ்ப்பாளிடம் பெருமையடித்துக்கொள்ளும்.

பல அணிகளுக்கு இருபது வருடம் ஆடினார். முதுகில் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டார்.

ஒருநாள் காலை கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வெளியே போனார். அவர் தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"பார்த்தாயா, இப்போதெல்லாம் எனக்குக் குனிவதே இல்லை" என்றது நிலை, மனத்தாங்கலோடு.

தாழ்ப்பாள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குனிந்துதான் போகிறார். உன்னைத் தாண்டிய பிறகும் நிமிரவில்லை."